குப்பையில் கிடந்த புகார்

காலை ஏழு ஐம்பதுக்குக் கம்பெனி பஸ் எங்களை கேட்டில் இறக்கிவிடும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் அப்போது, தொண்ணூற்றொன்றில், தொழிற்சாலைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்களுடையது லாரிக்கும் ஸ்கூட்டருக்கும் தகட்டுப் பாகங்கள் அடித்துக் கொடுக்கிற இடம். வரிசையாக ஆறு பிரஸ்கள். அந்த ஷெட்டின் கோடியில் பழைய ஸ்டோர் அறையைத் தடுத்துக் கம்ப்யூட்டர் ரூம் ஆக்கியிருந்தார்கள். ஜன்னல் கிடையாது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் ஏ.சி.யின் குளிர், பச்சை எழுத்து மின்னும் மூன்று திரைகள், ஒரு பிரிண்டர், பிறகு நான்.

வெளியே பிரஸ் அடிக்கும்போதெல்லாம் அந்த அடி தரை வழியாக என் உள்ளங்காலுக்கு வரும். சேர்ந்த இரண்டு மாதத்தில், எந்த நம்பர் பிரஸ் அடிக்கிறது என்று கால் சொல்லிவிடும். நாலாம் நம்பரின் அடி மட்டும் கனமாக இருக்கும். விழுந்த பிறகும் தரையில் கொஞ்சம் தங்கும்.

என் பெயர் ஸ்ரீநிவாசராகவன். வீடு சன்னதித் தெரு. அப்பாவுக்குக் கோயில் கைங்கரியம். பொய் சொல்லக் கூடாது என்று எனக்குத் தனியாக யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவேண்டி இருக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கம்ப்யூட்டரில் எல்லாமே கட்டளையாகத் தட்ட வேண்டும். ஆர்.எம். என்று இரண்டெழுத்தைத் தட்டி, பக்கத்தில் ஃபைலின் பெயரைப் போட்டால் ஃபைல் போய்விடும். நிச்சயமா என்று கேட்காது. போனது போனதுதான். முந்தின வருஷம் நான் நட்சத்திரக் குறிக்குப் பக்கத்தில் தெரியாமல் ஒரு இடைவெளி விட்டுவிட்டேன். மூன்று மாத உற்பத்தித் திட்டம் ஒரு மூச்சில் மறைந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து காகிதங்களைப் பார்த்துத் திரும்ப டைப் செய்தேன்.

அதன்பிறகு எனக்கென்று இரண்டு சின்னக் கட்டளைகளை எழுதிக்கொண்டேன். ஒன்றுக்குப் பெயர் போடு. அதைத் தட்டினால் ஃபைல் அழியாது. குப்பை என்று நான் பெயர் வைத்திருந்த ஒரு மறைவான இடத்துக்குப் போய், அன்றைய தேதியும் நேரமும் பதிந்து உட்கார்ந்துகொள்ளும். இன்னொன்று எடு. தட்டினால் குப்பையில் இருப்பது பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ஏழு நாள் ஆகியும் யாரும் எடுக்காததைத் தினமும் காலையில் கம்ப்யூட்டரே நிரந்தரமாக அழித்துவிடும். புத்திசாலித்தனமான ஏற்பாடு என்று எனக்குள் பெருமை இருந்தது.

மிஷின்களில் கோளாறு என்றால் புகாரை நான்தான் பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலான ஆபரேட்டர்கள் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். தணிகாசலம் ஒருவர்தான் நேராக என் அறைக்கு வருவார். மாத்தூர்க்காரர். நாற்பது வயதிருக்கும். நாலாம் நம்பர் பிரஸ்ஸில் ஆறு வருஷமாக நிற்கிறவர். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார், துணியெல்லாம் எண்ணெய் என்பார். என் நாற்காலியின் வலது பக்கம் கை கட்டி நின்றுகொண்டு மெதுவாகச் சொல்வார். நான் இங்கிலீஷில் தட்டுவேன்.

"பெடல்ல கால வெக்கவே இல்ல சார். அதுவா ரெண்டாவது தபா எறங்குது."

தட்டி முடித்ததும் ஒவ்வொரு தடவையும் இதையே கேட்பார்.

"படிச்சி காட்டுங்க சார்."

நான் தமிழில் சொல்வேன். தலையாட்டிவிட்டுப் போவார். ஆவணி, புரட்டாசியில் மூன்று தடவை அப்படி வந்தார். மூன்று புகாரும் ஒரே ஃபைலில், ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. சொன்னவர் தணிகாசலம், எழுதிக்கொண்டவர் ராகவன். அடுத்த முறை ஆலையை நிறுத்தும்போது பார்க்கலாம் என்று ஒர்க்ஸ் மேனேஜர் மூன்றையும் தள்ளிவைத்தார்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை. ஆயுத பூஜைக்கு இட்ட சந்தனம் மிஷின்மேல் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. மத்தியான ஷிஃப்ட் தொடங்கிப் பத்து நிமிஷம். தகடு ஒன்று சிக்கிக்கொண்டது. எடுக்கத் தணிகாசலம் குனிந்தார்.

என் காலுக்கு இரண்டு அடி வந்தது. ஒன்றும், உடனே இன்னொன்றும்.

அப்புறம் எல்லா பிரஸ்ஸும் நின்றுவிட்டன. அந்த அறையில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. சுவரில் கடிகாரம் இரண்டு நாற்பது காட்டியது.

மறுநாள் காலை ஒர்க்ஸ் மேனேஜர் என் அறைக்கு வந்தார். செருப்பைக் கழற்றவில்லை. செத்துப்போன ஆபரேட்டர் குடித்துவிட்டு வந்திருந்ததாகப் பேச்சு அடிபடுகிறது என்றார். பழைய புகார்களை வைத்துக்கொண்டிருந்தால் கம்பெனியை மூடிவிடுவார்கள், முந்நூறு குடும்பம் தெருவுக்கு வரும் என்றார். ஃபைல்களின் நகல் இருந்த அந்த வார டேப்பைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

"நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தல, ராகவன். நீங்களே யோசிச்சுப் பண்ணுங்க."

நான் யோசிக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தட்டினேன். போடு.

நான் அழிக்கவில்லை, ஒதுக்கித்தான் வைத்திருக்கிறேன் என்று அன்று முழுவதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழு நாள் இருக்கிறது. எந்த நிமிஷமும் எடுத்துவிடலாம்.

மூன்றாம் நாள் விசாரணைக்கு அரசு அதிகாரி வந்தார். நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். இந்த மிஷினைப் பற்றி முன்னால் ஏதாவது புகார் உண்டா? நான் திரையைத் திருப்பி, புகார்களின் பட்டியலைக் காட்டினேன். ஒன்றாம் நம்பருக்கு இருந்தது, மூன்றுக்கு இருந்தது. நாலுக்கு இல்லை. அவர் எழுதிக்கொண்டார். நான் ஒரு வார்த்தைகூடப் பொய் சொல்லவில்லை. காட்ட மட்டும்தான் செய்தேன். ஆபரேட்டரின் கவனக்குறைவு என்று முடிவானது.

ஐந்தாம் நாள் தணிகாசலத்தின் மனைவி செங்கமலம் கேட்டுக்கு வந்தாள். மழையில் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு, பஸ் ஏறப்போன என்னை விசாரித்துக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அவரு சொன்னாரு சார். கம்ப்யூட்டர்ல ஏத்திட்டேன், இனிமே யாராலயும் அழிக்க முடியாதுன்னு. அது இன்னும் கீதா சார்?"

"அப்படி எதுவும் இல்லம்மா" என்றேன்.

அவள் சண்டை போடவில்லை. தெரியாமல் கேட்டுவிட்டதுபோல நகர்ந்து வழிவிட்டாள். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் என்னால் ஜன்னல் பக்கம் திரும்ப முடியவில்லை.

ஏழு நாள் கழிந்தது. நான் எடுக்கவில்லை. எட்டாம் நாள் காலை உள்ளே போனதும் குப்பையைத் திறந்து பார்த்தேன். போயிருந்தால் எனக்கு ஒரு நிம்மதி என்று நினைத்ததை இப்போது மறைப்பதில் அர்த்தமில்லை.

போகவில்லை.

மற்றதெல்லாம் காலி. அந்த ஒரு ஃபைல் இருந்தது. அதன்மேல் பதிந்திருந்த தேதி முந்தின நாளுடையது. நேரம், பிற்பகல் இரண்டு நாற்பது.

யாரோ தொட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த இடம் என் ஒருவனுக்குத்தான் தெரியும். கட்டளையில் தப்பு இருக்கிறதா என்று வரி வரியாகப் பார்த்தேன். இல்லை. ஆர்.எம். தட்டி நேராகவே அழித்தேன்.

மறுநாள் காலை இருந்தது. இரண்டு நாற்பது.

குப்பை என்கிற அந்த இடத்தையே கலைத்தேன். மறுநாள் இடமும் இருந்தது, அதில் ஃபைலும் இருந்தது.

அந்த நாட்களில்தான் வாசனை தொடங்கியது. மிஷின் எண்ணெயும் வியர்வையும் கலந்த வாசனை. முதலில் என் நாற்காலியின் வலது பக்கம் மட்டும். பிறகு விசைப்பலகையில். பிறகு என் விரல்களில். வீட்டில் சாப்பிட உட்காரும் முன் நான்கு தடவை கை கழுவினேன். "ஏண்டா, எத்தனை நாழி அலம்பிண்டே இருப்பே?" என்று அம்மா கேட்டாள். கையை நீட்டி முகர்ந்து பார்க்கச் சொன்னேன். சோப்பு வாசனைதான் வருகிறது என்றாள்.

நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்குச் சீல் வைத்து மின்சாரத்தையும் துண்டித்திருந்தார்கள். ஆனால் மத்தியானம் ஷிஃப்ட் மாறி எல்லா மிஷினும் ஓய்ந்திருக்கிற சில நிமிஷங்களில், என் உள்ளங்காலுக்கு அந்தக் கனமான அடி வந்தது. விழுந்து, தரையில் கொஞ்சம் தங்கியது. வெளியே ஓடிப்போய்ப் பார்த்தேன். மிஷின்மேல் கோணி போர்த்தியிருந்தது. பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். என்ன செய்தேன் என்று அவர்களுக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் தணிகாசலம் என் அறைக்கு வந்து வந்து போனதை எல்லோரும் பார்த்தவர்கள்தான்.

பன்னிரண்டாம் நாள், என்ன நடக்கிறது என்று நேரிலேயே பார்த்துவிட முடிவு செய்தேன். இரண்டேகாலுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு திரை முன்னால் உட்கார்ந்தேன். ஷெட் கூரையில் மழை கொட்டியது. ஆர்.எம். போட்டு ஃபைலை அழித்துவிட்டு, குப்பை காலியாக இருப்பதை மூன்று தடவை சரிபார்த்தேன்.

இரண்டு முப்பத்தெட்டு. காலி.

இரண்டு முப்பத்தொன்பது. காலி.

ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் என் வலது கன்னத்தில் வெப்பம் பட்டது. பக்கத்தில் ஓர் ஆள் நின்றால் படுகிற வெப்பம்.

நான் திரும்பவில்லை.

வாசனை தொண்டைவரை வந்தது. கால் தானாகத் தரையைவிட்டு மேலே எழுந்தது. அடி எப்போது விழும் என்று அது காத்திருந்தது.

விழவில்லை.

அதற்குப் பதில், விசைப்பலகையில் இருந்த என் கை நகர்ந்தது. நான் நகர்த்தவில்லை என்று சத்தியம் செய்யவும் முடியாது. விரல்கள் எனக்குத் தெரிந்த வேகத்தில்தான் தட்டின. பச்சை எழுத்துகள் ஓடின. குப்பையைத் திறந்து பார்த்தேன். ஃபைல் இருந்தது. அளவு கூடியிருந்தது.

உள்ளே மூன்று புகாருக்குக் கீழே நாலாவதாக ஒன்று.

நாலாம் நம்பர் பிரஸ். பெடலில் கால் வைக்கவில்லை. இரண்டாம் தடவை இறங்கியது. சொன்னவர் தணிகாசலம். எழுதிக்கொண்டவர் ராகவன்.

பெடல் என்ற சொல்லில் நான் எப்போதும் ஓர் எழுத்தைத் தப்பாக டைப் செய்வேன். அதே தப்பு அதிலும் இருந்தது. தேதி, அவர் இறந்த புதன்கிழமை.

காதுக்குப் பக்கத்தில், எப்போதும் போல மெதுவாக ஒரு குரல்.

"படிச்சி காட்டுங்க சார்."

நான் படித்தேன். வாய்விட்டு, நாலையும். கண்ணில் நீர் வந்தது. பயத்தில் என்று நினைத்திருந்தேன். பாதியில்தான் புரிந்தது, அது பயம் மட்டும் இல்லை. ஒருவர் மூன்று தடவை எச்சரித்துவிட்டுப் போன வார்த்தைகளை, அவர் செத்த மறுநாளே குப்பையில் போட்டவன் நான். அவர் என்னைத் தொடவில்லை, திட்டவில்லை, பயமுறுத்தக்கூட வரவில்லை. எப்போதும் எதற்காக வருவாரோ அதற்காகவே வந்திருந்தார்.

முடித்து நிமிர்ந்தபோது பக்கத்தில் யாருமில்லை. கடிகாரம் இரண்டு நாற்பத்தொன்று.

எடு என்று தட்டினேன். பிரிண்டரை ஓடவிட்டேன். காகிதத்தைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஷிஃப்ட் முடிவதற்குக் காத்திராமல் வெளியே வந்தேன். மாத்தூருக்கு டவுன் பஸ் இல்லை. லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டு போய் இறங்கினேன்.

செங்கமலம் வாசலில் விறகை மழைக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். காகிதத்தை நீட்டினேன். அவளாலும் அதைப் படிக்க முடியாது. மாடத்து விளக்கு வெளிச்சத்தில் நானே ஒவ்வொன்றாகச் சொன்னேன். மூன்று முடிந்தது. நாலாவது இருந்த இடத்தில் மை இல்லை. பிரிண்டரின் ஊசிகள் காகிதத்தைக் குத்திய தடம் மட்டும் வரிவரியாக இருந்தது. அவள் அதை விரல் நுனியால் தடவிப் பார்த்தாள்.

"இங்க இன்னா எழுதிகீது சார்?"

சொன்னேன். அவள் விரலை எடுக்கவில்லை. கடைசி வரிவரை தடவிவிட்டுக் கேட்டாள்.

"இம்மா நாளா இது எங்க இருந்திச்சு?"

"குப்பைல" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் காகிதத்தை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"எனக்குத் தெரியும் சார், அவரு குடிச்சிட்டுப் போவலன்னு. எனக்கு எதுக்குப் படிக்கிறீங்க? அப்பிடிச் சொன்னவங்க இருக்காங்க இல்ல, அவங்களாண்ட போய்ப் படிங்க."

மறுநாள் அதைச் செய்தேன். சங்கத்துச் செயலாளர் ஜீவானந்தத்திடம் முதலில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டிவிட்டு, அப்புறம் மத்தியான ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கேண்டீன் முன்னால் ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து போட்டார். இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் நின்றார்கள். ஒர்க்ஸ் மேனேஜர் மாடி ஜன்னலில் நின்றார். நான் ஏறி நின்று மூன்று புகாரையும் படித்தேன். பிறகு, இதை நான் மறைத்தேன் என்றும், அதிகாரிக்கு வெறும் பட்டியலைக் காட்டினேன் என்றும், கேட்டு வந்த பெண்ணிடம் இல்லை என்று சொன்னேன் என்றும் சொன்னேன். யாரும் கூச்சல் போடவில்லை. கடைசி வரிசையில் ஒருவர் காறித் துப்பினார். என் முகத்தில் பட்டதுபோலத்தான் இருந்தது.

விசாரணை திரும்ப நடந்தது. கம்ப்யூட்டரில் ஃபைல் இருந்தது, அதிகாரி தன் கண்ணால் பார்த்தார். அவர் பார்த்தபோது அதில் மூன்று புகார்கள்தான் இருந்தன. கவனக்குறைவு என்ற சொல்லை அடித்து, மிஷினின் கோளாறு என்று எழுதினார்கள். ஒர்க்ஸ் மேனேஜர் வேலையைவிட்டுப் போனார். நானும் போனேன். அப்பா காரணம் கேட்டார், சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் அவர் என்னைப் பெருமாள் பிரசாதம் வாங்கிவர அனுப்பவில்லை.

என் இடத்துக்கு எங்கள் தெருப் பெண்ணே ஒருத்தி, ஸுப்ரஜா, வேலைக்குச் சேர்ந்தாள். கெட்டிக்காரி; நான் விட்டுவந்த போடு, எடு இரண்டையும் அவளே பழகிக்கொண்டாள். எனக்குப் பின்னால் அந்த அறையில் என்ன நடக்கிறது என்று அவளிடம் நான் கேட்டதே இல்லை. நடந்தது எதையும் அவளிடம் சொன்னதும் இல்லை.

மார்கழியில் ஒரு நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு மத்தியானம் நேராக என்னைத் தேடி வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"காலம்பற ஒரு புகார் இருந்தது. ஆறாம் நம்பர் பிரஸ். கிளட்ச் பிடிக்கல, நிறுத்தினாலும் நிக்காதுன்னு. நான் எழுதல. ஆனா எழுதிண்டவர்னு என் பேர்தான் இருக்கு. சொன்னவர் பேர பாத்துட்டு யாரோ விளையாடறான்னு ரெண்டு தடவை தூக்கிப் போட்டேன். திரும்பத் திரும்ப வரது. நிரந்தரமா அழிச்சுடட்டுமா?"

யார் பெயர் என்று நான் கேட்கவில்லை.

"ஆறாம் நம்பர்ல இப்ப யார்?"

"மத்தியான ஷிஃப்ட் பாபு. ரெண்டரைக்கு ஏறுவார்."

மணி இரண்டு இருபது. இரண்டு பேரும் தெருமுனையில் போன் இருந்த மருந்துக் கடைக்கு ஓடினோம். என் குரலைக் கேட்டால் அங்கே யாரும் நம்ப மாட்டார்கள், அவளைப் பேசச் சொன்னேன். ஜீவானந்தத்தைக் கூப்பிட்டு, மிஷினை ஓட்டாமல் நிறுத்திவைக்கச் சொன்னாள். எதற்கு என்று அவர் கேட்டார். புகார் வந்திருக்கிறது என்றாள். யார் சொன்னது என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்துவிட்டு, அந்தப் பெயரைச் சொன்னாள்.

மறுமுனையில் அவர் அந்தப் பெயரை ஒரு தடவை திரும்பச் சொன்னார். பிறகு, "நிறுத்துறேம்மா" என்றார்.

ஃபிட்டர் மூடியைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே ஸ்பிரிங் இரண்டாக முறிந்து கிடந்ததாம். பாபு ஏறியிருந்தால் ஐந்து நிமிஷம்கூட ஆகியிருக்காது என்றாராம்.

சரி செய்தாயிற்று என்று குறித்துவைக்க ஸுப்ரஜா மாலையில் ஃபைலைத் தேடியிருக்கிறாள். புகார்களில் இல்லை. குப்பையிலும் இல்லை.

மறுநாள் காலை அவள் போனபோது, இரண்டாம் நம்பர் பிரஸ்ஸுக்கு ஒன்று வந்திருந்தது.